மேலே நான், கீழே சிக்னல்

நான் சுதந்திரமாக முடிவெடுக்க எங்கள் வீட்டில் ஓர் இடம் இருக்கிறது. குளியலறை. உள்ளே தாழ்ப்பாள் உண்டு.

அன்று காலை மூன்றாவது சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டபோது முடிவெடுத்தேன். இன்று இரவு எட்டரை மணிக்கு இந்த வீட்டு டிவியில் கால்பந்து ஆட்டம் ஓடும். பிரான்சு ஆடுகிறது. சீரியல் ஓடாது.

நான்காவது சொம்பு ஊற்றுவதற்குள் பயம் வந்துவிட்டது. ஆனாலும் முடிவு முடிவுதான்.

பிரான்சு எனக்கு என்ன உறவு என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. நான் மூடிப்போன மில்லின் பழைய தொழிலாளி. ஆனால் அடுத்த தெரு மார்செலுக்கு அது சொந்த நாடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு எங்கள் அரியாங்குப்பத்தில் வந்து குடியேறியவர்; மரியாதையாக அவரை 'முசியே' என்போம். அவர் மனைவி மகளின் பிரசவத்துக்காகப் பாரிசு போயிருக்கிறார். இந்த மழையில் அவர் வீட்டு டிவிக்குள் தண்ணீர் இறங்கி, அது கண்ணை மூடிவிட்டது. டீக்கடையில் நாலு பேர் முன்னால் மனிதர் புலம்பினார்.

"எங்க வீட்டுக்கு வாங்க முசியே. என் டிவி எதுக்கு இருக்குது?" என்றேன்.

"என் டிவி" என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். மனைவி பக்கத்தில் இல்லாதபோது எனக்கு இப்படி வீரம் வரும். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். அந்த நாலு பேரும் மறுநாள் காலை அதே பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் எப்படி என்று என்னைத்தான் கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்து மெதுவாகப் பேச்சை எடுத்தேன். என் மனைவி பெயர் செந்தமிழ்ச்செல்வி. அவ்வளவு நீளமாகக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லாததால், செல்வி.

"செல்வி, இன்னைக்கு எட்டரைக்கு மார்செல் வர்றாரு."

"வரட்டுமே. பஜ்ஜி போடறேன்."

"மேட்ச் பாக்க வர்றாரு."

"எங்க ஓடுது மேட்ச்சு?"

"நம்ம டிவியிலதான்."

"அதுல எட்டுலேர்ந்து ஒம்போது வரைக்கும் அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமாச்சே?"

அந்தப் பெண் எங்கள் சொந்தக்காரப் பெண் அல்ல. சீரியல் பெண். பதினான்கு மாதமாக அவளுக்குக் கல்யாணம் நின்று நின்று போகிறது. இன்று எப்படியும் நடந்துவிடுமாம். ஒரு மணி நேரச் சிறப்பு.

"அதான் நாளைக்குத் திரும்பப் போடுவானே?"

"கல்யாணத்துக்கு யாராச்சும் மறுநாள் போவாங்களா?"

பேச்சில் நடக்காது, சூழ்ச்சிதான் என்று முடிவு செய்தேன்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். மில்லில் முப்பத்தோரு வருஷம் அறுந்த இழைகளை எண்ணிய ஆள் நான். மில் நின்றுவிட்டது, எண்ணுவது நிற்கவில்லை. சீரியலில் மாமியார் ஒரே வசனத்துக்கு எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறாள் என்று வாய்விட்டு எண்ணுவேன். அழுகிறவளின் வளையல் போன காட்சியில் சிவப்பு, இந்தக் காட்சியில் பச்சை என்று எடுத்துச் சொல்வேன். செல்வி பல்லைக் கடிப்பாள். ஆட்டம் பார்க்கும்போதும் இப்படித்தான். யார் எத்தனை தடவை கீழே விழுந்தான் என்ற கணக்கு என்னிடம் இருக்கும். போன ஆட்டத்தை மார்செல் வீட்டில் பார்த்தபோது அவர் என்னைப் பார்த்து, "மே தேத்துவா!" என்றார். பாராட்டு என்று நினைத்து "மெர்சி" சொன்னேன். வாயை மூடு என்று அர்த்தமாம். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

சரி, சூழ்ச்சிக்கு வருகிறேன்.

மழைக்காலத்தில் எங்கள் டிவியில் சிக்னல் போவது வழக்கம். முதலில் படம் கட்டம் கட்டமாக உடையும். கதாநாயகியின் மூக்கு ஒரு பக்கம் போகும், பொட்டு ஒரு பக்கம் போகும். பிறகு எல்லாம் கறுப்பு. உடனே செல்வி என்னைப் பார்ப்பாள். இந்த வீட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே உத்தியோகம், மொட்டை மாடி ஏறி டிஷ்ஷைத் தட்டுவது.

அந்த உத்தியோகத்தைத்தான் பயன்படுத்தத் துணிந்தேன். செல்வி அடுப்படியில் இருக்கும்போது செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால் கையை விட்டு, டிஷ்ஷிலிருந்து வரும் ஒயரின் திருகை இரண்டு சுற்று தளர்த்திவிட வேண்டும். சிக்னல் போகும். நான் மேலே ஏறி, டிஷ்ஷோடு போராடுவதுபோல நிற்பேன். கல்யாணம் தவறிவிடுமே என்று செல்வி பக்கத்து வீட்டு லட்சுமியிடம் ஓடுவாள். அங்கேயும் அதே சீரியல்தான். நான் இறங்கி வந்து திருகை முடுக்குவேன். அவளுக்குக் கல்யாணம், எனக்கு ஆட்டம். யாருக்கும் நஷ்டம் இல்லாத சூழ்ச்சி. உலகத்தில் இப்படி எத்தனை பேர் யோசிப்பார்கள்?

எட்டு மணிக்குச் சற்று முன்னால் திருகைத் தளர்த்திவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பஞ்சாங்கம் பார்க்க ஆரம்பித்தேன்.

"என்னாங்க! படம் போயிடுச்சு!"

"அப்படியா?" என்று பக்கத்தைத் திருப்பினேன். "மழை பேஞ்சா அப்படித்தான்."

"இப்ப மழையே இல்லியே?"

"தவளக்குப்பத்துல பேயுது. நம்ம டிஷ்ஷு அந்தப் பக்கந்தானே பாக்குது?"

நல்ல பதில். எனக்கே வியப்பாக இருந்தது.

"நான் மேல போயி பாக்கறேன். நேரமாவும் செல்வி. நீ வேணும்னா லட்சுமி வீட்டுக்குப் போயிடேன்."

"நல்லா இருக்குதே! நீங்க மேல தனியா கஷ்டப்படுவீங்க, நான் அடுத்த வீட்டுல உக்காந்து கல்யாணம் பாக்கணுமா? நீங்க ஏறுங்க. வந்துச்சா வரலியான்னு நான் கீழேர்ந்து சொல்றேன்."

என் திட்டத்தில் இந்தப் பாசத்துக்கு இடம் ஒதுக்கவில்லை.

மேலே போனேன். தெருவுக்கே கேட்கும்படி கத்துவது எனக்குக் கூச்சம். முதல் "வந்துச்சா?" பக்கத்தில் இருந்த காக்காய்க்குக்கூடக் கேட்டிருக்காது. இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"வந்துச்சா?"

"வரல!"

நான் டிஷ்ஷைத் தொடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இப்ப?"

"வரலியே!" குரலில் எவ்வளவு சோகம்! எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இப்ப?"

"லேசா வந்தாப்புல இருந்துச்சுங்க. போயிடுச்சு!"

இது எப்படி என்று புரியவில்லை. திருகு கழன்று கிடக்கும்போது லேசாகக்கூட வராது. என்னை உற்சாகப்படுத்தச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கால் மணி ஆயிற்று. அவள் லட்சுமி வீட்டுக்குக் கிளம்புவதாகத் தெரியவில்லை. இறங்கிப் பார்க்கலாம் என்று படியில் கால் வைத்தேன். எதிரே செல்வி ஏறி வந்தாள். கையில் குடை.

"தூறல் போடுது பாருங்க. இதைப் புடிங்க" என்று கொடுத்துவிட்டு ஓட்டமாக இறங்கினாள்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. "நின்னுக்கினே இருந்தா கால் என்னாத்துக்கு ஆவும்? உக்காந்து பாருங்க." மறுபடி ஓட்டம்.

கேட் சத்தம் கேட்டது. மார்செல் வந்துவிட்டார்.

"பொன்சுவார் மதாம். எங்க கலியபெருமாளு?"

"மேல இருக்காரு. டிஷ்ஷைப் பாக்கறாரு."

"அடப் பாவமே!"

அதற்குப் பிறகு கீழே ஒரு சத்தமும் இல்லை. கறுப்பாகக் கிடக்கும் டிவிக்கு எதிரே அந்த மனிதர் உட்கார்ந்திருப்பதை நினைத்தேன். பட்டாளத்தில் இருந்தவர். பொறுமைசாலி. ஆட்டம் ஆரம்பித்திருக்கும். நானோ இறங்க வழியில்லாமல் நாற்காலியில் இருக்கிறேன்.

அப்போது டீ வந்தது. தட்டில் இரண்டு பஜ்ஜி. டம்ளர் சூடு பொறுக்காமல் முந்தானையால் பிடித்து எடுத்து வந்திருந்தாள். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் அரை மணி நேரத்துக்குள் மூன்று தடவை எனக்காக அவள் மாடி ஏறியது இதுதான் முதல் முறை. என் மனம் கரைந்தது. இவளையா ஏமாற்றுவது?

"செல்வி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"அப்புறம் சொல்லுங்க, அப்புறம் சொல்லுங்க!" படியில் பாதி இறங்கிவிட்டாள்.

பக்கத்து மாடியில் சின்னக்கண்ணு வந்தான். லட்சுமியின் புருஷன். தண்ணீர்த் தொட்டி நிறைந்ததா என்று பார்க்க வந்தவன்.

"என்னா அண்ணா, நாற்காலி, குடை, பஜ்ஜி? டிஷ்ஷுக்குக் காவலா?"

"சிக்னல் வரலப்பா."

"எங்க வீட்டுல சூப்பரா வருதே. தொட்டுப் பாத்தீங்களா?"

"தொட்டேன், தொட்டேன்."

"எங்க தொட்டீங்க? நட்டு மேல சிலந்தி வலை அப்படியே இருக்குது. தள்ளுங்க."

இடுப்புயரச் சுவர். ஒரே தாவலில் இந்தப் பக்கம் வந்துவிட்டான்.

"வேணாம் சின்னக்கண்ணு..."

"சும்மா இருங்கண்ணா. இதெல்லாம் ஒரு விஷயமா?"

நட்டைத் தளர்த்தினான். இரண்டு கையாலும் டிஷ்ஷைப் பிடித்தான். தவளக்குப்பம் பார்த்திருந்த டிஷ்ஷை நேரெதிர்ப் பக்கம் ஒரே திருப்பு.

கீழிருந்து செல்வியின் அலறல் கேட்டது.

"அய்யோ! தாலி கட்டறப்பவா! எந்தக் கையிங்க அதைத் திருப்புனது?"

கூடவே மார்செலின் குரல், பிரெஞ்சில். அதற்கு அர்த்தம் விசாரிக்கத் தேவைப்படவில்லை.

சின்னக்கண்ணு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ஒரு படம் போக வேண்டுமானால், அதுவரை அது இருந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு எனக்கே பிடிபட்டுவிட்டது. அவன் தொட்டி நிறைந்துவிட்டதாகச் சொல்லிச் சுவர் தாண்டிப் போனான். நான் கீழே ஓடினேன்.

என் நாற்காலியில் மார்செல். மடியில் பஜ்ஜித் தட்டு. பக்கத்தில் செல்வி. டிவியில் ஐயரின் குடுமி ஒரு கட்டத்தில், மாலை ஒரு கட்டத்தில் நின்றுபோயிருந்தது. சத்தத்தை முழுக்க அடைத்திருந்தாள்.

"எப்பலேர்ந்து வருது இது?"

"நீங்க மேல ஏறுன மறு நிமிஷத்துலேர்ந்து" என்றாள் செல்வி அமைதியாக. "தெனம் அந்தப் பெட்டிக்குப் பின்னால தூசி துடைக்கறவ நானு. திருகு கழண்டிருந்தா எனக்குத் தெரியாதா? கையை விட்டு முடுக்கினேன், வந்துடுச்சு."

"அப்ப வரல வரலன்னு கத்துனது?"

"நீங்க வந்துச்சா வந்துச்சான்னு ஆசையா கேட்டீங்க. பாவமா இருந்துச்சு. பதில் சொன்னேன்."

மார்செல் பக்கம் திரும்பினேன். "முசியே, நீங்களுமா? உங்களுக்காகத்தானே மேட்ச்..."

"மேட்ச்சும் பாத்தேனே! விளம்பரம் வர்றப்ப மேட்ச்சு. மத்த நேரம் கல்யாணம். அதான் ஒப்பந்தம்." ஒரு பஜ்ஜியைக் கடித்தார். "ரொம்ப நிம்மதியா இருந்துச்சு, கலியபெருமாளு. யாருமே எண்ணல."

குடை. நாற்காலி. டீ. நான் அன்பு என்று எண்ணி வைத்திருந்த மூன்றும் விளம்பர இடைவேளைகள்.

என் முகத்தைப் பார்த்துச் செல்விக்கே மனசு கேட்கவில்லை. "விளம்பரமா இருந்தா என்னா? டீ சூடாத்தானே இருந்துச்சு?" என்றாள். அதுவும் உண்மைதான். சர்க்கரைகூட நான் கேட்கும் அளவுக்கு இருந்தது.

"சரி, இப்ப நெஜமாவே போயிடுச்சு. ஏறுங்க மேல" என்றாள். "இன்னும் ரெண்டு முடிச்சு பாக்கி இருக்குது."

"அலே, அலே!" என்று மார்செல் என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

ஏறினேன். அன்று முதல் தடவையாக அந்த டிஷ்ஷை உண்மையாகத் திருப்பினேன். சின்னக்கண்ணு தளர்த்திய நட்டு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. கையை எடுத்தால் டிஷ் தலையைத் தொங்கப் போட்டது. இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, தவளக்குப்பம் பக்கமாக ஓர் எள்ளளவு நகர்த்தினேன்.

"வந்துச்சா?"

"வரல!"

இன்னோர் எள்.

"வந்துச்சா?"

"வரலியே!" அதே சோகம். முன்பு கேட்ட அதே சோகம்.

இனிமேல் எதை நம்புவது? போய்ப் பார்க்கலாம் என்றால் கையை எடுக்க முடியாது.

"அப்படியே புடிங்க! ஆடாதீங்க!"

"வரலைன்னா எதுக்கு ஆடாம புடிக்கணும்?"

"வர்றாப்புல இருக்குதுங்க!"

பிடித்தேன். தோள் வலித்தது. தூறல் மூக்கில் இறங்கியது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். திடீரென்று கீழே மார்செல், தெருவே எழுந்து உட்காரும்படி ஒரு கூச்சல் போட்டார்.

"கோல்!"

பிறகு அமைதி. யாரோ யாருடைய வாயையோ பொத்துவது போன்ற அமைதி.

அதற்கும் பிறகு என் செல்வியின் குரல், தேனாக வந்தது.

"இன்னும் வரலீங்க!"