சிவப்புப் பெட்டிக்கு நான் சொன்ன சரி

இன்று மாமனாரைத் தோற்கடித்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செஸ் ஆட வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றுவார், காபி கேட்பார், என் ராஜாவைக் கொல்வார். தோற்பதுகூடப் பெரிதில்லை. முடிந்ததும் "பரவாயில்ல மாப்பிள்ளை" என்று முதுகில் தட்டுவார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகவே அறிவை இணையத்திலிருந்து இறக்கினேன். எதிராளியின் ஆட்டத்தைச் சொன்னால் நம் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் மென்பொருள். மற்றவர்கள் விலைக்கு விற்பதை யாரோ ஒரு புண்ணியவான் சும்மா கொடுத்திருந்தான். கம்ப்யூட்டர் மனைவியுடையது. வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். ஊரில் பாதி வீடு அதற்குள்தான் இருக்கிறது.

திறக்கப் போனால் திரை முழுக்கச் சிவப்புப் பெட்டி. 'இந்தக் கோப்பு ஆபத்தானது. தடுக்கப்பட்டது.'

பால்கனிக்குப் போய்ப் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"சார், ஆன்ட்டிவைரஸ் கத்துது."

"கத்தத்தான் செய்யும். அதுக்கு வேற என்ன வேலை?"

"ஆபத்துன்னு போட்டிருக்கே?"

"என் கடையில எல்லா டப்பாலயும்தான் எச்சரிக்கை போட்டிருக்கு. யாரு படிக்கிறா? அனுமதின்னு ஒண்ணு இருக்கும், அமுக்குங்க."

படித்த மனுஷர். அமுக்கினேன். நீளமாக ஏதோ எழுதி இன்னொரு பெட்டி வந்தது. நீளமான எதையும் காதில், கண்ணில் வாங்காமல் 'சரி' சொல்லிவிடுவது என் வழக்கம். எங்கள் வீட்டில் அமைதி நிலவுவதே அதனால்தான். சரி என்றேன். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் வட்டத்தைக் காணோம். அழகான செஸ் பலகை நின்றது. மனைவி காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கம்ப்யூட்டர்ல ஏதாவது போட்டீங்களா?"

"நானா? இல்லையே."

"சும்மாதான் கேட்டேன்."

மாமனார் வந்தார். செருப்பு, காபி. ஆட்டம் கூடத்தில், கம்ப்யூட்டர் உள்ளறையில். அவர் காயை நகர்த்தும்போதெல்லாம் எனக்குத் தாகம் எடுத்தது. உள்ளே போய் அவர் ஆட்டத்தைத் தட்டிவிட்டு, திரை சொன்னதை முணுமுணுத்துக்கொண்டே வந்து ஆடினேன். குதிரையைக் கொடு என்றது, கொடுத்தேன். ராணியை நடுவில் நிறுத்து என்றது. பெரிய திட்டம்போல என்று எனக்குப் புல்லரித்தது. மாமனார் ராணியை எடுத்துக்கொண்டார். காபி ஆறுவதற்குள் ராஜாவும் போய்விட்டது.

"பரவாயில்ல மாப்பிள்ளை."

மனைவி தட்டோடு வந்து நின்றாள்.

"அந்த வைரஸை அப்பவே அழிச்சிட்டேன். ஆசைப்பட்டீங்களேன்னு நல்ல இடத்துலேர்ந்து ஒரு செஸ் எடுத்துப் போட்டேன். 'சின்னக் குழந்தைகளுக்கு'ன்னு ஒரு நிலை இருந்துச்சு, அதுல வச்சேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இதுல யாரு எதைத் திறக்கப் பாத்தாலும் என் போனுக்கு அனுமதி கேட்டு வரும், நான் விட்டாத்தான் திறக்கும்னு போன மாசமே சொன்னேன். சரின்னீங்க."

அப்போதுதான் ஊரில் பாதி வீடு நினைவுக்கு வந்தது. "உன் வரைபடமெல்லாம்?"

"பத்திரமா இருக்கு. நீங்க வீட்டுல இருக்கீங்களேன்னு இன்னொரு பிரதியும் வெளியில வச்சிருக்கேன்."

அவள் மேலும் பேசிக்கொண்டே போனாள். கவிழ்ந்து கிடந்த ராணியை எதற்குக் கொடுத்தோம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஏதோ நீளமாகச் சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"சரி" என்றேன்.

கத்தியும் பாதி நறுக்கிய காய்கறியுமாகத் தட்டை என் மடியில் வைத்தாள். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து காய்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"இனிமே எல்லா ஞாயித்துக்கிழமையும் அவரே சமைக்கணுமா? பாவம்மா" என்றார் மாமனார்.

"நான் என்னப்பா பண்றது, அவரே சரின்னுட்டாரே."