கையெட்டும் தூரத்துக்கு ஒரு லென்ஸ்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் மகள் நலம். அவள் நலமாக இருப்பதால்தான் இந்த வீடே நலம் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியம்தானே? அறுவை சிகிச்சை இரண்டு கண்ணிலும் முடிந்து, இந்தக் கடிதத்தை என் கையாலேயே எழுதுகிறேன் என்றால் அதற்கு நீங்கள்தான் காரணம்.

போன தடவை நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது, சம்பந்தியைச் சும்மா அனுப்பலாமா என்று என் கடை நாற்காலியில் உட்கார வைத்து நானே முடி வெட்டி அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தீர்கள். பேரனைக்கூட விசாரிக்காமல், "சம்பந்தி, மொதல்ல போய்க் கண்ணைக் காட்டுங்க" என்றீர்கள். என் மேல் இவ்வளவு அக்கறையா என்று உருகிப்போனேன். பிறகும் விட்டீர்களா, போன் மேல் போன் போட்டு என்னை டாக்டரிடம் துரத்தினீர்கள். கண்புரை முற்றிப் பழுத்துவிட்டது என்றார் அவர்.

புரையை எடுத்துவிட்டு உள்ளே லென்ஸ் வைப்பார்களாம், எந்த லென்ஸ் என்று நாம்தான் சொல்ல வேண்டுமாம். உங்கள் தங்கச்சியைக் கேட்காமல் ஒரு சட்டை எடுத்தறியாதவன் நான். சட்டையாவது பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். "தூரத்துக்கு வைங்க, தெருவுல வர்ற வண்டியாவது தெரியட்டும்" என்றாள் அவள். "கிட்டத்துக்கு வைங்கப்பா, போன் பாக்கலாம்" என்றான் உங்கள் மாப்பிள்ளை. நீங்களோ உங்களுக்கு வைத்த, எல்லாத் தூரத்துக்கும் ஆன லென்ஸையே வைக்கச் சொன்னீர்கள். சம்பந்தி சொல்லைத் தட்டலாமா? அதையே கேட்டேன். "அதுல எல்லாமே தெரியும். ஆனா விளக்கைச் சுத்தி வட்டம் வட்டமா தெரியலாம், கூர்மையும் கொஞ்சம் குறையும். உங்களுக்கு ஒவ்வொரு முடியும் தெரிஞ்சாகணுமே. எவ்ளோ தூரத்துல வச்சு வேலை பாப்பீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

அது வாயால் சொல்கிற விஷயமா? எழுந்து போய் அவர் முதுகுப்பக்கம் நின்று, தலையை இடது கையால் லேசாகச் சாய்த்து, வலது கையில் கத்தரி இருப்பதாக நினைத்துக்கொண்டேன். நர்ஸம்மா பதறி ஓடி வந்தார். டாக்டர் தலையை நிமிர்த்தவே இல்லை. "அப்படியே நில்லுங்க. அந்த ஸ்கேலைக் கொண்டாம்மா, அளந்துக்குவோம்" என்றார். தங்கமான மனுஷன். அந்தத் தூரத்துக்கே லென்ஸ் வைத்தார். படிக்க ஒரு கண்ணாடி, தெருவுக்கு ஒரு கண்ணாடி. கத்தரியைக் கீழே வைக்கச் சொல்லிவிடுவாரோ என்று எத்தனை நாள் பயந்து கிடந்தேன், உங்களுக்குத் தெரியாது. "தொழில் பண்ணலாம், போங்க" என்றதும் அங்கேயே அழுதுவிட்டேன். உங்கள் பேச்சைக் கேட்காததற்கு மன்னிக்கவும்.

இப்போது கடை விஷயம். திறந்த முதல் நாள், நம் வாடிக்கைக்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர் வந்தார். பார்த்தால் ஒரு பக்கக் கிருதா காது நுனியில், இன்னொன்று கன்னத்தில். பிடரியோ எலி கடித்த பாய். எனக்கு வந்ததே கோபம். "வேற கடைக்குப் போனீங்களா?" என்றேன். மனுஷன் பிடரியைத் தடவிக்கொண்டார். "ஆமாங்க, எதிர்க்கடைக்குப் போயிட்டேன், தப்புதான்" என்றார். அடுத்து மளிகைக்காரர், அவருக்கும் அதே கோணல், அதே எதிர்க்கடை. பஸ் டிரைவர், அதே. எத்தனை வருஷப் பழக்கம், சம்பந்தி! நான் கண்ணில் கட்டோடு கிடக்கும்போது ஒருத்தர் விடாமல் அங்கே போயிருக்கிறார்கள். நேரே போய் எதிர்க்கடைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "தலையில என்ன புல்லா வெட்டுறீங்க?" என்றேன். "உங்க ஆளுங்க யாரும் இந்தப் பக்கமே வந்ததில்லீங்களே" என்கிறார். பொய்யிலும் என்ன பணிவு! அந்த ஆளுக்கெல்லாம் யார் கத்தரியைக் கையில் கொடுத்தது?

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் கண்ணும் காலும் குறைவில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் நன்றி மறவாத
சம்பந்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனபோது உங்கள் தங்கச்சி கடிதத்தை வாங்கிப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அத்தனையும் நீங்க வெட்டுன தலைங்க. ஊருக்கே தெரியும்" என்றாள். எதிர்க்கடைக்காரரைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். கோணல் தலையோடு மாதா மாதம் வந்து, கண்ணாடியில் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்லி, கடைசியில் போகாத கடைக்குப் போனதாக என்னிடம் திட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இவர்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? நீங்களும்தான், சம்பந்தி. உங்களை எந்தக் கோலத்தில் ஊருக்கு அனுப்பினேனோ, ஒரு வார்த்தை சொன்னீர்களா?

எதிர்க்கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை. நேராகப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்து என் தலையைக் கொடுத்துவிட்டேன். ஒன்றும் கேட்காமல் துணியைப் போர்த்தி, அருமையாக வெட்டிவிட்டார். திரும்பி வந்தால் என் கடையில் தபால்காரர் காத்திருக்கிறார். என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எதிர்க்கடையை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "எனக்கு வழக்கம்போல வெட்டுங்க" என்றார்.