ஞாயிற்றுக்கிழமை மீனுக்கு லீவு

சேர்வராயன் மலையில் வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் யார் யாரோ என்னென்னவோ நம்பினார்கள். ஆனால் மீனுக்கு வார விடுமுறை உண்டு என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் கெண்டை மேஸ்திரிதான். பாதிக்குப் பாதி என்னையும் நம்பவைத்தார் பாருங்கள், அதுதான் கொடுமை.

ஏற்காட்டு ஏரியை ஒட்டிய ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் நான். அடிவாரத்திலிருந்து புதிதாக மலையேறியவன். மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது குழம்பில் கிடக்கும் என்பதுதான். மேஸ்திரியோ நாற்பது ஆட்களை வேலை வாங்குகிறவர். ஒல்லி உடம்பு, காது வரை மீசை, எந்த வெயிலுக்கும் கழற்றாத கம்பளித் தொப்பி. அவருடைய சொந்தப் பெயரை ஆஜர் புத்தகத்தில் தினமும் நானே எழுதியிருக்கிறேன். இருந்தும் மறந்துவிட்டது. எந்த நேரத்தில் எந்த மீன் ஏரியில் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியுமாம்.

"அதெப்படி மேஸ்திரி தெரியும்?" என்று ஒரு நாள் கேட்டுத் தொலைத்தேன்.

"இதென்னங்க ரைட்டரய்யா, நம்ம ஆளுக மாதிரித்தானுங்க. காத்தால மணி அடிச்சா மேக்கால ஓரம் வந்து நிக்கும். வெயில் ஏறுனா நடுத்தண்ணிக்குப் போயிரும். மத்தியான மணிக்குச் சாப்பாட்டுக்குக் கல்படிக்கு வந்துருமுங்க. ஆஜருல ஒண்ணு தப்பாது."

"முந்தாநாள் கல்படியில் துள்ளிய பெரிய கெண்டையை நேற்றுக் காணோமே?"

"நேத்து செவ்வாக்கிழமையில்லீங்களா? அது கிளியூர்ப் பக்கம் பொண்ணு குடுத்திருக்குதுங்க. போயிட்டு வரணுமில்ல?"

ஏரித் தண்ணீர் கிளியூர் அருவிக்குப் போவது எனக்குத் தெரியும். அருவியில் விழுந்த மீன் எப்படித் திரும்பி ஏறி வரும் என்று கேட்க வாய் வரை வந்தது. அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார் என்ற பயத்தில் தலையாட்டிவிட்டேன்.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மத்தியானம் மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் மணி அடிப்பார்கள். ஆட்கள் ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் படியில் கை கழுவுவார்கள். மேஸ்திரி கல்படியில் தூண்டிலைப் போடுவார். வெற்றிலை ஒரு வாய் மென்று முடிப்பதற்குள் கெண்டை துள்ளும். எத்தனை நாள் என் கண்ணால் பார்த்தேன்! பைத்தியம் அவருக்கா எனக்கா என்று குழம்பிப்போனேன்.

இந்தக் குழப்பத்தில் இருக்கும்போதுதான் எஸ்டேட் துரை கேட்டார், ஏரியில் மீன் உண்டா என்று. அவருடைய மாமனாருக்கு மீன்பிடிப் பித்தாம். "மத்தியானம் கல்படியில் வண்டி வண்டியாக வரும் துரை" என்று உளறிவிட்டேன். துரை கடிதம் போட்டார். மாமனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார்.

கல்படியில் நாற்காலி, குடை, பளபளவென்று தூண்டில். ஒரு மணி நேரம் ஆனது. ஒரு குஞ்சுகூட எட்டிப்பார்க்கவில்லை. மாமனார் துரையைப் பார்த்தார். துரை என்னைப் பார்த்தார்.

"மீன் வரலே, நாளைக்கு நீ அடிவாரம் போ!"

என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். மலையை விட்டு இறங்கினால் ஒண்ட எங்களுக்கு ஒரு கூரை கிடையாது. பேயறைந்தவன் மாதிரி மேஸ்திரி வீட்டுக்கு ஓடினேன். மனிதர் உடம்பெல்லாம் எண்ணெயோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமை போயி மீன் வருமுங்களா? லீவு இல்லீங்களா?"

"மீனுக்கு ஏதய்யா லீவு! என் வேலை போகுது மேஸ்திரி! மாசமா இருக்கிறவளைக் கூட்டிக்கிட்டு எங்கே போவேன்?"

அவர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மேஸ்திரி எழுந்தார்.

"அட, அழுவாதீங்க சாமி."

எண்ணெய் சொட்டச் சொட்ட ஓடிப்போய் அந்தத் தண்டவாளத்தை அடித்தார் பாருங்கள் ஒரு அடி! மலையே அதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் யாருக்கு என்ன புரியும்? சாப்பாட்டு நேரம் வேறு. கூழ்ச் சட்டியோடும் களிக் கையோடும் நாற்பது பேரும் ஓடிவந்தார்கள்.

"என்ன மேஸ்திரி, தீப்பிடிச்சிருச்சா?"

"தீயுமில்ல, ஒண்ணுமில்ல. எல்லாரும் கல்படிக்கு வாங்க, ஆஜரு!"

வந்தார்கள். எதற்கு வந்தோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எதற்கு வந்தார்கள் என்று மாமனாருக்குத் தெரியவில்லை. துரை திருதிருவென்று விழித்தார். சும்மா நிற்பானேன் என்று எல்லோரும் வழக்கம்போலப் படியில் இறங்கிக் கையைக் கழுவினார்கள், சட்டியைக் கழுவினார்கள். கம்பங்கூழ் வெள்ளையாகத் தண்ணீரில் பரவியது. சற்று நேரத்தில் தண்ணீர் சளசளவென்று கொதித்தது. மாமனார் தூண்டில் வளைந்தது. ஒன்றல்ல, அடுத்தடுத்து மூன்று கெண்டை! கிழவர் குடையைத் தூக்கியெறிந்துவிட்டுக் குதித்தார்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. மீன் மணிக்கும் வரவில்லை, ஆஜருக்கும் வரவில்லை. தினமும் அந்த நேரத்தில் கழுவி ஊற்றும் கூழுக்குத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை படியில் சட்டி கழுவ ஆள் ஏது?

இதைச் சொல்லி அவர் கொட்டத்தை அடக்கியே தீருவது என்று மறுநாள் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"பாத்தீங்களா ரைட்டரய்யா? நொம்ப நல்ல மீனுங்க. லீவு நாள்னுகூடப் பாக்காம உங்களுக்காக வந்துச்சு பாருங்க."

அவர் மீசையில் அப்போதும் எண்ணெய் காயவில்லை. நேற்றுக் குளிக்கவே நேரமில்லையாம்.

நான் கூழ் விஷயத்தைச் சொல்லவில்லை. அடுத்த மாதம் என் மகள் அந்த மலையிலேயே பிறந்தாள். மேஸ்திரி சொன்ன எத்தனையோ விஷயங்களில் இன்றும் எனக்குக் குழப்பம்தான். ஆனால் லீவு நாளென்றும் பாராமல் எனக்காக ஓடி வந்தது யார் என்பதில் மட்டும் ஒரு நாளும் குழம்பியதில்லை.