தேவகியின் கன்னத்தில் நான்கு விரல்கள்

நான் இதுவரை ஒருவரையும் கைநீட்டி அடித்ததில்லை. ஆனாலும், மணப்பெண்ணின் கன்னத்தில் அறைந்தவள் என்ற பெயர் எங்கள் ஊர் கண்டாவளையில் எனக்கு உண்டு.

அப்போது வவுனியாவில் மூன்று மாத அழகுக்கலை வகுப்பு முடித்திருந்தேன். (அதில் ஒரு மாதம் மழை, வகுப்பில்லை.) மாமாவின் மகள் தேவகியின் கலியாணத்துக்கு நான்தான் அலங்காரம் என்று அடம்பிடித்தேன். கையில் தேசிக்காய், அதாவது எலுமிச்சைத் தோலில் எடுத்த வாசனை எண்ணெய்ப் போத்தல். ‘நூறு வீதம் இயற்கை’ என்று பெரிதாக எழுதியிருந்ததை வாசித்தேன். கீழே பொடி எழுத்தில் இருந்ததை வாசிக்கவில்லை. இயற்கையானது என்ன செய்துவிடும் என்பது என் கொள்கை. (தொட்டால் சொறியும் காஞ்சோன்றியும் இயற்கைதான் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.)

கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, எண்ணெயை நாலு விரலில் தொட்டுத் தேவகியின் வலது கன்னத்தில் இழுத்தேன்.

“எரியுது மச்சாள்.”

“எரிஞ்சால்தான் வேலை செய்யுது எண்டு அர்த்தம். கழுவிப்போடாதை.”

மற்றக் கன்னத்துக்குப் போகமுதல் மாமி கூப்பிட்டுவிட்டா. கலியாணச் சோற்றுக்கு அவித்த நெல்லை முற்றத்தில் பரவவேண்டும். தேவகி உச்சி வெயிலில் நின்று நெல்லைக் கிளறினாள்.

மறுநாள் கன்னம் சிவந்தது. அதற்கடுத்த நாள் நாலு விரலும் மண்ணிறத்தில் அப்படியே தெரிந்தன. அன்றைக்கென்று பார்த்து, தைத்த சட்டையைக் கொடுக்கத் தண்ணீரூற்று ஊரிலிருந்து மாப்பிள்ளையின் தாயார் வந்தா. கன்னத்தைப் பார்த்தா, மாமாவைப் பார்த்தா. (மாமா மாட்டைக்கூட அதட்டமாட்டார்.) பிறகு தேவகியைக் கதிரையில் இருத்தினா.

“பிள்ளை, உன்னை அடிச்சோ சம்மதிக்க வைச்சவை? ஓம் எண்டால் சொல்லு. இப்பவே நிப்பாட்டிறன்.”

அந்த மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒரு வருடம் வீட்டோடு மல்லுக்கட்டியவள் தேவகி. ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அழத் தொடங்கினாள். அழ அழ அடி வாங்கிய பிள்ளை போலவே தெரிந்தாள். குசினிக்குள் ஒளிந்திருந்த நான் வெளியே வந்து, எல்லாரும் பார்க்க என் விரல்களை அந்தத் தழும்பின்மேல் வைத்தேன். அளவெடுத்ததுபோல் பொருந்தின. எண்ணெய்க் கதையை முழுதாகச் சொன்னேன்.

மாப்பிள்ளையின் தாயார் பெருமூச்சு விட்டா. “நீ அடிச்சிருந்தால் கலியாணத்துக்குள்ள அடையாளம் மாறியிருக்கும், பிள்ளை.”

உண்மைதான். அந்த எண்ணெய் பட்ட தோலில் வெயில் படக்கூடாது என்று வைத்தியர் சொன்னார். பொடி எழுத்திலும் அதுதான் இருந்தது. தழும்பு மறைய மாதக்கணக்கானது. தேவகி ஒருநாளும் என்னைக் கடிந்ததில்லை. எரியுது என்று அவள் சொன்னபோது, நான் போத்தலை நம்பினேன், அவளை நம்பவில்லை. அதை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது எதையும் முதலில் என் கையில் பூசி ஒருநாள் பார்க்கிறேன். யாராவது எரியுது என்றால் உடனே கழுவிவிடுகிறேன்.

போன மாதம் பாடசாலைக் கலைவிழாவுக்கு அலங்காரம் செய்துகொள்ளத் தேவகியின் மகள் வந்தாள். தாய் கன்னத்துத் தழும்போடு நிற்கும் கலியாண அல்பத்தை மனப்பாடமாக அறிந்தவள். கதிரையில் இருந்ததும் என் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அம்மாவுக்கு வைச்ச கை இதுதானே மாமி? எனக்கு மற்றக் கையால பூசுங்கோ.”