வேலாயி வாழ்ந்த, வாழ்கின்ற, வாழும் இடம்

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. காட்டில் சிங்கம்தானே இருக்க வேண்டும், பல்கலைக்கழகம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சிங்கமும் இருந்தது. அதுதான் பல்கலைக்கழகத்தின் வேந்தர். துணைவேந்தர், சொல்லவே வேண்டாம், நரி. பட்டமும் ஆளும் இவ்வளவு பொருத்தமாக அமைந்த பல்கலைக்கழகம் நாட்டில்கூடக் கிடையாது.

அங்கே தொல்லியல் துறை என்று ஒன்று. அதன் தலைவர் பேராசிரியர் கொண்டலாத்தி. நீண்ட அலகால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்க்கிற பறவை. ஏதாவது அகப்பட்டுவிட்டது என்று தோன்றினால் தலையிலிருக்கும் கொண்டை விசிறி போல விரிந்துகொள்ளும். பாவம், அந்தக் கொண்டை விரிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. துறை எங்கே தோண்டினாலும் புழுதான் வந்தது. புழுவைப் பேராசிரியர் அங்கேயே தின்றுவிடுவார். ஆகவே அதற்கும் சான்று இல்லை.

அவரிடம் ஆய்வு மாணவராக ஓர் ஆமை இருந்தது. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது அதன் ஓடு இன்னும் கெட்டிப்படவே இல்லை என்று விடுதிச் சமையலறையில் பேசிக்கொள்வார்கள்.

ஒருநாள் துணைவேந்தர் நரி பேராசிரியரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மழை தொடங்குறதுக்குள்ள எதையாவது கண்டுபிடிச்சுடுங்க பேராசிரியரே. இல்லேன்னா உங்க துறைக் கட்டடத்தை வேந்தரோட விருந்தினர் விடுதியா மாத்தலாம்னு ஒரு யோசனை இருக்கு."

"யாருடைய யோசனை?"

"என்னோடதுதான். ஆனா வேந்தர் சொன்னதாத்தான் உத்தரவு வரும்."

பேராசிரியர் வெளியே வந்தார். ஆமையை முன்னால் அனுப்பினால் போய்ச் சேர்வதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும் என்பதால் தானே பறந்துபோய்க் காட்டைச் சுற்றிப் பார்த்தார். ஆற்றங்கரையில் ஒரு மேடு தெரிந்தது. மேட்டின் வயிற்றில் ஒரு வாசல். வாசலைச் சுற்றி எலும்புகள். எலும்புகள் முழுக்க வரிவரியாகக் கீறல்கள்.

கொண்டை விரிந்துவிட்டது.

அந்த மேடு வேலாயி என்கிற முள்ளம்பன்றியின் வீடு. புருஷன் இந்தக் கோடையில் மரவள்ளித் தோட்டத்து வலையில் மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு அவள் தனியாகத்தான் அந்த வளையைத் தோண்டினாள். வயிற்றில் குட்டி. மழை இறங்குவதற்குள் உள்ளறையைக் காய்ந்த புல் போட்டுத் தயார் செய்ய வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு அப்போது இருந்த கவலை. எலும்புகளும் அவளுடையவைதான். முள்ளம்பன்றிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். கடிக்க ஏதாவது வேண்டும். செத்த மாட்டின் எலும்பை இழுத்துவந்து வாசலில் போட்டுக்கொண்டு சாவகாசமாகக் கடிப்பாள். வயிற்றுப்பிள்ளைக்காரி ஆனதிலிருந்து கொஞ்சம் அதிகமாகவே கடித்தாள்.

விடியும்போது கிழங்கு தோண்டிவிட்டுத் திரும்பியவள் தன் வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பதைப் பார்த்தாள். கயிற்றில் ஒரு பலகை தொங்கியது. 'பழங்கால வாழிடம். உள்ளே நுழையத் தடை.'

உள்ளே ஆமை ஓர் எலும்பைத் தூரிகையால் தட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இது என்ற ஊடுங்க" என்றாள் வேலாயி.

"மண்ணடுக்கு கலையுது, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கம்மா" என்றார் பேராசிரியர்.

"அந்த எலும்ப நான்தானுங்க கடிச்சேன். போன வாரம்."

பேராசிரியர் பொறுமையாகத் திரும்பினார். பாமர மக்களிடம் அன்பாகப் பேச வேண்டும் என்று அவர் ஒரு கருத்தரங்கில் கட்டுரையே வாசித்திருந்தார்.

"நீங்க சொல்றதை நான் மறுக்கலை. ஆனா அது வாய்மொழி வழக்காறு. அதுக்கு நாட்டாரியல் துறை தனியா இருக்கு."

"வாயாலதானுங்களே கடிக்க முடியும்?"

"அதைத்தான் சொல்றேன். இங்கே எழுத்துச் சான்று மட்டும்தான் செல்லும். எலும்புல இருக்கிற கீறலெல்லாம் பழங்கால எழுத்து."

காலம் கணிக்க ஓர் எலும்புத் துண்டு ஆய்வகத்துக்குப் போனது. 'மிகச் சமீபத்தியது' என்று பதில் வந்தது. வேலாயிக்கு உயிர் வந்தது. பேராசிரியரோ கலங்கவே இல்லை. மாதிரி மாசுபட்டிருக்கிறது என்றார். யார் மாசுபடுத்தியது என்று ஆமை கேட்டது. பேராசிரியர் தன் அலகை வேலாயியின் பக்கம் நீட்டினார். அன்று மாலையே அவளுக்கு ஆய்வறிக்கையில் இடம் கிடைத்தது: 'இந்த மேட்டில் பிற்காலத்துக் குலைவு ஒன்று காணப்படுகிறது. அது உயிருடன் உள்ளது.'

சதுரமாகத் தோண்டினால் அகழாய்வு, வட்டமாகத் தோண்டினால் வளை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது, அவளுக்கு வட்டமாகத்தான் தோண்ட வரும்.

சேதி கேட்டு வேந்தர் சிங்கமே நேரில் வந்தார். எலும்பை முகர்ந்து பார்த்தார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

பேராசிரியர் எலும்பைப் பார்த்தார். பிறகு வேந்தரின் முகத்தைப் பார்த்தார். படிப்பதற்கு முகம் எளிதாக இருந்தது.

"'சிங்கம்' என்றுதான் தெரிகிறது, வேந்தே."

"'நல்ல சிங்கம்'னும் படிக்கலாம்" என்றார் துணைவேந்தர் நரி.

இப்படியாக வேலாயியின் வளை ஆதிச் சிங்கங்களின் அரண்மனை ஆயிற்று. கயிற்றுக்கு வெளியே நின்ற வேலாயிக்குத் தாளவில்லை.

"ஏனுங்க சாமி, இந்த ஓட்டைக்குள்ள சிங்கம் எப்படிங்க நுழைஞ்சுது?"

"குனிந்து" என்றார் பேராசிரியர். "அக்காலத்தில் பணிவு இருந்தது."

வேந்தர் கண்கலங்கினார். தன் முன்னோர்கள் இவ்வளவு பணிவானவர்கள் என்பது அவருக்கு அதுவரை யாரும் சொல்லாத விஷயம்.

மேகம் கருத்துக்கொண்டு வந்தது. வேலாயி ஒரு பாறைக்கடியில் படுத்துப் பார்த்தாள். வயிறு இடித்தது. யாரிடம் முறையிடுவது என்று யோசித்து, பலகையில் எழுதியிருப்பதுதானே பிரச்சினை, எழுத்துக்கு ஒரு துறை இருக்குமே என்று தமிழ்த் துறைக்குப் போனாள். துறைத் தலைவர் ஒரு மைனா. ஆனால் மைனா என்று கூப்பிட்டால் திரும்பாது. நாகணவாய் என்று பழந்தமிழ்ப் பெயரால் கூப்பிட வேண்டும்.

"நாகணவாய் அம்மா, வாழிடம்னு எழுதிப்போட்டு என்னைத் தொரத்திட்டாங்க. நான் வாழற எடந்தானுங்க அது!"

நாகணவாய் கண்ணை மூடிக்கொண்டது. "வாழிடம் என்பது வினைத்தொகை. காலம் கரந்து நிற்கும் சொல். ஊறுகாய் என்பது போல. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய்."

"எனக்கு ஊறுகாய் வேண்டாமுங்க. ஊடு வேணும்."

"அதற்குத்தான் வருகிறேன். வாழ்ந்த இடம், வாழ்கின்ற இடம், வாழும் இடம். மூன்று பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. இறந்த காலம் மட்டும் என்று கொள்வது பிழை. பெரும்பிழை!"

இலக்கணம் படித்துச் சந்தோஷப்பட்ட உயிர் அந்தக் காட்டில் வேலாயி ஒருத்திதான். நாகணவாயையும் கூட்டிக்கொண்டு நேரே துணைவேந்தர் அறைக்கு ஓடினாள். அங்கே வேந்தர், பேராசிரியர் எல்லோரும் அரண்மனைத் திறப்பு விழாவில் யார் யாருக்கு நாற்காலி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நாகணவாய் விளக்கியது. பேராசிரியரின் கொண்டை மடங்கியது. பலகையை எழுதியது அவர்தான்.

நரி மட்டும் முகம் மாறாமல் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து கைகூப்பினார்.

"அருமை. தமிழுக்கு மிஞ்சி நாங்க ஒண்ணும் பண்ணலைம்மா. மூணு காலம் இருக்குன்னா மூணு பேருக்கும் ஆளுக்கொண்ணா பிரிச்சுக்கலாம். வாழ்ந்த இடம் பேராசிரியருக்கு, அவர் ஆராயட்டும். வாழ்கின்ற இடம் வேந்தருக்கு, அவர் பேர்ல பலகை இருக்கட்டும். வாழும் இடம் உங்களுக்கு. எதிர்காலம் பூரா உங்களுக்குத்தான், ஒருத்தரும் கேட்க மாட்டாங்க."

வேலாயி மூன்று காலத்தையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அந்த எதிர்காலம் எப்பங்க வரும்?"

"வந்ததும் சொல்லி அனுப்புறோம்."

"வந்துருச்சுன்னா அப்புறம் அது நிகழ்காலம் ஆயிருமேங்க? அது வேந்தருதுன்னு சொன்னீங்களே?"

வேந்தர்தான் முதலில் சிரித்தார்.

"இந்த அம்மாவுக்கு இலக்கணம் நன்றாக வருகிறது. தமிழ்த் துறையில் சேர்த்துக்கொள்ளலாமே?"

"இடம் இல்லை, வேந்தே" என்றது நாகணவாய் அவசரமாக.

வெளியே வந்தபோது முதல் தூறல் விழுந்தது. வேலாயிக்கு அழுகை வந்தது. அழுதாள். முதுகு முட்களெல்லாம் சலசலவென்று அடித்துக்கொண்டன. அடிவயிறு வேறு இழுத்துப் பிடித்தது. குட்டிக்கு இன்னும் அதிக நாள் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆமை அவள் பின்னாலேயே வந்திருந்தது. வயதில் அவளுக்குத் தாத்தா முறை. ஆனாலும் மாணவர் என்றால் எல்லோருக்கும் தம்பிதான், எல்லோரும் அக்காதான்.

"அக்கா, ஒரு வழி இருக்கு. கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு தம்பி."

"திறப்பு விழாவுக்கு வர்றவங்க வெறும் ஓட்டையைப் பார்த்தா ஏமாந்துடுவாங்க. அந்தக் காலத்து ஆள் ஒருத்தர் நிக்கிற மாதிரி உருவம் வைக்கணும்னு பேராசிரியர் சொல்றார். களிமண்ல செஞ்சு பார்த்தோம், கரைஞ்சு போச்சு. உங்க முள்ளைப் பார்த்தா வேல் பிடிச்ச காவலாளி மாதிரியே இருக்கு. அரண்மனைன்னா காவலாளி இருப்பாங்கல்ல? என் ஆய்வேட்டுக்கும் அந்த இயல்தான் பாக்கி."

"அங்க நான் இருந்துக்கலாமா?"

"இருக்கலாம். ஆனா இருக்கிற மாதிரி தெரியக் கூடாது. ஆள் வர்றப்போ அசையக் கூடாது, மெல்லக் கூடாது. ஏன்னா அக்கா, நீங்க செத்து ரொம்ப காலம் ஆச்சு."

வேலாயி வானத்தைப் பார்த்தாள்.

"செத்தவளுக்கு மழை நனையாதா தம்பி?"

"நனையாது அக்கா. மேடு முழுசுக்கும் கூரை போடுறாங்க. உயிரோட இருக்கிறவங்களுக்குக் கூரை போட நம்ம காட்டுல விதி கிடையாது. தொல்லியல் களத்துக்குத்தான் உண்டு."

அவள் அந்தக் கணமே சரி என்றாள். நானாக இருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். நீங்களும்தான். வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவர்கள் யாரும் இந்த இடத்தில் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. வேந்தர் குனிந்து நாடாவை வெட்டினார். ஆதிச் சிங்கங்களின் பணிவை நினைவுபடுத்துவதற்காகத்தான் அப்படிக் குனிந்தாராம். பேராசிரியரின் கொண்டை அன்றைக்கு விரிந்ததுதான், பிறகு மடங்கவே இல்லை. கழுத்து வலி வந்து எண்ணெய் போட்டுக்கொள்கிறார் என்று கேள்வி. ஆமைக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. வாசலில் வேலாயி நின்றாள். பக்கத்தில் ஒரு பலகை. 'வேல்வீரர், உருவ மாதிரி. காலம்: மிகப் பழையது. தொடாதீர்கள்.'

அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், பார்வையாளர் யாரும் வராத நேரமாகப் பார்த்து, அரண்மனையின் உள்ளறையில் அவளுக்குக் குட்டி பிறந்தது. நல்ல கூரை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஈரமில்லாத புல்லில் படுத்துக்கொண்டு பால் குடித்தது குட்டி. வேலாயிக்கு அத்தனை மாதங்களில் முதல்முறையாக மனசு நிறைந்திருந்தது. அதை நான் மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

அடுத்த மாதமே பலகையில் 'வேல்வீரர்' என்பதை 'வேல்வீரரும் சிறுவேல்வீரரும்' என்று திருத்தினார்கள். ஒரே இரவில் இன்னொரு உருவம் எப்படி முளைத்தது என்று துறையில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பதிலை ஆய்வேடாக எழுத வேண்டியிருக்கும்.

அந்தக் குட்டி ஓடக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் நிற்கக் கற்றுக்கொண்டது. ஈ மூக்கில் உட்கார்ந்தாலும் சிமிட்டாது. ஒருநாள் அணில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தார்கள்.

"எவ்வளவு தத்ரூபமா செஞ்சிருக்காங்க பாருங்க" என்றார் அவர்களுடைய ஆசிரியர். "இவங்கள்ளாம் ஒரு காலத்துல நம்மள மாதிரியே இந்தக் காட்டுல வாழ்ந்தவங்க. பாவம், இப்ப ஒருத்தர்கூட இல்ல."

பிள்ளைகள் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். வாசல் காலியானதும் குட்டி மெல்ல அம்மாவிடம் நகர்ந்து வந்தது.

"அம்மா, நாம எப்பம்மா செத்துப்போனோம்?"

வேலாயி அதன் இளம் முட்களை நாக்கால் நீவிவிட்டாள்.

"ஊடு வேணும்னு நான் கேட்டனல்லோ, அன்னைக்குத்தான் கண்ணு. அசையாத நில்லு. அடுத்த கூட்டம் வருது."

நீதி: உயிரோடு இருப்பவருக்கு ஒரு பொந்துகூடக் கிடைக்காது, இறந்தவருக்கு அரண்மனையே உண்டு. ஆகவே வீடு வேண்டுவோர் முதலில் வரலாறு ஆகிவிடவும்.