பெருக்கும் வாரம்

புதிதாகக் குடிவந்த டெக்லேயின் கதவில் திங்கட்கிழமை காலையிலேயே அந்த மரப்பலகை தொங்கியது. 'பெருக்கும் வாரம்' என்று எழுதிய பலகை. அது யார் கதவில் தொங்குகிறதோ அவர்கள்தான் சனிக்கிழமைக்குள் மாடிப்படி, கைப்பிடி, வாசல் நடைபாதை எல்லாவற்றையும் சுத்தம் செய்தாக வேண்டும். தெற்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம், வாடகையைவிடக் கண்டிப்பான விஷயம் இது.

முதல் மாடி வீப்கேவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. முன்பு அந்த வீட்டில் குடியிருந்த ஆளை, மூன்று சனிக்கிழமை தவறியதற்காகவே வீட்டுக்கார ஹேபர்லே அம்மா காலிசெய்ய வைத்திருந்தார். டெக்லே என்பது ஆப்பிரிக்காவின் எரித்ரியா நாட்டுப் பெயர். இரண்டு சின்னக் குழந்தைகள் வேறு. மனிதர் பலகையை ஏதோ அலங்காரம் என்று நினைத்துவிடுவார். எடுத்துச் சொல்லலாம் என்றால், 'உங்களுக்குச் சுத்தம் தெரியாது' என்று சொன்னதுபோல் ஆகிவிடும்.

யாரும் பார்க்காதபோது பலகையைக் கழற்றித் தன் கதவில் மாட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் அது மறுபடியும் டெக்லேயின் கதவில் இருந்தது. ஹேபர்லே அம்மா ஆளைச் சோதிக்கிறார் என்று நினைத்தாள். வியாழனன்று டெக்லே வேலைக்குப் போனதும் எல்லாப் படிகளையும் அவளே பெருக்கித் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை வாளிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், துடைத்த படிகளையே டெக்லே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா திட்டிட்டாங்களா?"

"யாருங்க?"

"விடுங்க. உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்? நான் பாத்துக்கறேன்."

"இது என் வாரங்க. நீங்க போய் உக்காருங்க." குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"நம்ம பாஷை நல்லாப் பேசுறீங்களே," என்றாள், அவரைத் தைரியப்படுத்த.

"நீங்களும் பரவாயில்லீங்க."

கஷ்டத்திலும் வேடிக்கையாகப் பேசுகிறாரே என்று இரக்கப்பட்டு வாளியைப் பிடித்தாள்.

"குடுங்க."

"நீங்க விடுங்க."

இருவருமே விட்டார்கள். வாளி படிப்படியாக உருண்டு தரைத்தளக் கதவில் போய் முட்டியது. கதவு திறந்தது. ஹேபர்லே அம்மா நனைந்த செருப்போடு நின்றார்.

துணி எடுக்க டெக்லே மேலே ஓடினார். வீப்கே கீழே இறங்கிவந்து குரலைத் தாழ்த்தினாள்.

"தப்பு என்னோடது. அவரைக் காலி பண்ணச் சொல்லிடாதீங்க. குழந்தைங்க இருக்கு. நம்ம வழக்கமெல்லாம் அவருக்கு மெதுவாத்தான் புரியும்."

ஹேபர்லே அம்மா செருப்பைக் கழற்றித் தண்ணீரை வடித்தார்.

"அவரு அடுத்த தெருவுல பொறந்து வளர்ந்தவரும்மா. காலைல உங்களுக்காகத்தான் வந்து கெஞ்சிட்டுப் போனாரு, 'வடக்கேயிருந்து வந்த ஹாம்பர்க்காரங்களுக்கு இந்தப் பெருக்குற முறையெல்லாம் பிடிபடாது, பாவம், அந்தம்மாவை வெளியே அனுப்பிடாதீங்க, அவங்க வாரத்தையும் நானே பாத்துக்கறேன்'னு."