மாமனார் மூடிவிட்ட விளையாட்டு

“ஐயோ, மறுபடியும் மூடிட்டாரு!”

மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார், திரும்ப எழுந்தார். அடுத்த தெருவில் மாமனார் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கிழட்டுக் கம்ப்யூட்டரில் விளையாட்டைத் திறந்தாலும் மூடினாலும் இங்கே அவருடைய திரைக்குத் தகவல் வந்துவிடும். காலையிலிருந்து மாமனார் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். போர்க்களம் வந்த மறுநொடியே மூடிவிடுகிறார்.

வேலையை விட்டுவிட்டு மாப்பிள்ளை உருவாக்கிக்கொண்டிருப்பது ஒரு கேம் எஞ்சின். விளையாட்டில் மரம் அசைவது, குதிரை ஓடுவது, நிழல் விழுவது எல்லாவற்றையும் அடியிலிருந்து இயக்குவது அதுதான். மற்ற எஞ்சின்கள் புத்தம்புது கம்ப்யூட்டர் கேட்கும். இவருடையது எந்த ஓட்டைப் பெட்டியிலும் ஓட வேண்டும். அதைக் காட்டத்தான் இந்த ராஜா போர் விளையாட்டைச் செய்திருந்தார். எஞ்சினை வாங்க வரும் கம்பெனிக்காரர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். பழைய கம்ப்யூட்டரில் சாதாரண மனிதர் ஒருவர் ஆசையாக விளையாடுவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். நாளைக்கு மாமனார் வீட்டுக்கே வருகிறார். சொதப்பினால் பழைய மேனேஜர் முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

“பெட்டி திணறுது. நிழலாலதான் இருக்கும்” என்றார் மனைவியிடம்.

“அப்பாவையே கேளுங்களேன்.”

போன் போட்டார். “மாமா, விளையாட்டு எப்படி இருக்கு? எங்கயாவது மாட்டிக்குதா?”

“சேச்சே! பிரமாதம் மாப்பிள்ளை!”

மாப்பிள்ளையைக் குறை சொல்வது மாமனாரின் வழக்கத்திலேயே கிடையாது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை இவர் காலை மிதித்தபோதும் ‘பிரமாதம்’ என்றுதான் சொன்னார்.

நிழலை எடுத்தார். விளையாட்டு முன்பைவிடச் சீக்கிரம் திறந்தது. மாமனார் முன்பைவிடச் சீக்கிரம் மூடினார்.

மாப்பிள்ளைக்கு வெறி பிடித்துவிட்டது. மரங்களை வெட்டினார். மழையை நிறுத்தினார். குதிரைகளை விரட்டிவிட்டார், ராஜா நடந்தே போருக்குப் போனார். பகைவர் சேனை ஐந்து பேராகச் சுருங்கியது. விளையாட்டு திறக்கும்வரை ஆட்களுக்குச் சலிக்காமல் இருக்க, சுவரேறும் நத்தை ஒன்றை வைத்திருந்தார். விசையைத் தட்டினால் எறும்பைத் தாண்டிக் குதிக்கும். இனிமேல் காத்திருக்கவே வேண்டாமே என்று அதையும் தூக்கினார்.

மாமனார் திறந்தார், மூடினார். திறந்தார், மூடினார். அப்புறம் திறக்கவே இல்லை.

“பெட்டி செத்துப்போச்சா?” என்று அலறினார் மாப்பிள்ளை.

மனைவி அம்மாவிடம் போனில் விசாரித்துவிட்டு வந்தாள். “பெட்டி நல்லாத்தான் இருக்காம். அப்பாதான் சாப்பிடாம மூலையில உக்காந்திருக்காராம்.”

“என் எஞ்சின் அவர் உடம்பையும் கெடுத்துடுச்சா!”

மறுநாள் கம்பெனிக்காரர் வந்தார். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு மாமனார் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து விளையாட்டைத் திறந்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் பொட்டல் வெளியில் ராஜா வந்து நின்றார்.

“அட, இந்தப் பெட்டியிலயா இவ்வளவு வேகம்?” என்றார் கம்பெனிக்காரர். மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாமனார் ராஜாவைப் பார்த்தார். மூடினார். ஆசையோடு இன்னொரு முறை திறந்தார். ராஜாவேதான். மூடிவிட்டார்.

“பிடிக்கலையா சார்?”

“பிரமாதம்” என்றார் மாமனார், அழுதுவிடுகிற குரலில்.

கம்பெனிக்காரர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மாப்பிள்ளைக்கு மேனேஜரின் முகம் கண்முன் வந்தது.

“மாமா, உங்க கால்ல விழறேன். என்ன குறைன்னு இப்பவாவது வாயைத் திறந்து சொல்லுங்க!”

தண்ணீர் கொண்டுவந்த மாமியார், திரையை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“அந்த நத்தை எங்க மாப்பிள்ளை? அது சுவர் உச்சிக்குப் போறதுக்குள்ள உங்க ராஜா வந்து கெடுத்துடறாருன்னுதானே இவரு மூடி மூடித் திறந்துக்கிட்டிருந்தாரு!”